மகளுக்கு நடுப்பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண் குழந்தைக்கு முதல் பெயரை முடிவு செய்ய மாதக்கணக்கில் பேசுகிறோம். நடுப்பெயரோ பல வீடுகளில் கடைசி நாளில், படிவத்தை நிரப்பும் நேரத்தில், "சரி, இதையும் சேர்த்துவிடலாம்" என்று உள்ளே வந்துவிடுகிறது. முதல் பெயருக்கான போட்டியில் தோற்ற பெயர், அல்லது யார் மனமும் கோணக்கூடாது என்று வைத்த பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனியாகப் பார்த்தால் அழகான பெயராகவே இருக்கும். ஆனால் நடுப்பெயரைத் தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. அது முதல் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டே காலமெல்லாம் ஒலிக்கப்போகிறது.

அந்த வாலிலிருந்தே தொடங்குவோம். நாம் விரும்பி வைக்கும் பெண் பெயர்களில் பெரும்பாலானவை உயிரொலியில் முடிகின்றன: உமா, தியா, நந்தினி, கவிதா. அடுத்த பெயரும் உயிரெழுத்தில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உடம்படுமெய் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். 'உமா அமுதா' என்று எழுதுவோம், வேகமாகக் கூப்பிடும்போது 'உமாவமுதா' என்று வந்து நிற்கும். 'தியா ஆதிரா' என்றால் இன்னும் சிக்கல். இரண்டு ஆகாரமும் ஒன்றாகி, 'தியாதிரா' என்று நாம் வைக்காத மூன்றாவது பெயர் ஒன்று காதில் விழும். 'நந்தினி அமுதா' இந்த அளவுக்கு உறுத்தாது. இடையில் நுழையும் யகரம் மென்மையாக வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே உயிரெழுத்தில் தொடங்கும் பெயரே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லிக் கேட்டுவிட்டு வையுங்கள் என்பேன்.

இதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் போனால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. முதல் பெயர் முடியும் எழுத்திலேயே நடுப்பெயர் தொடங்கக்கூடாது. 'உமா மாலினி' இரண்டுமே நல்ல பெயர்கள். சேர்த்துச் சொல்லுங்கள், நடுவில் ஒரு 'மாமா' வந்து நிற்பார். 'கவிதா தாரிணி'யில் ஒரு 'தாதா' ஒளிந்திருக்கிறார். காகிதத்தில் இது தெரியவே தெரியாது. வகுப்பில் கூட இருக்கும் குழந்தைகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். முழு எதுகையும் வேண்டாம். 'நித்யா வித்யா' என்றால் இரட்டைப் பிள்ளைகளைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.

அப்புறம் நீளம். இந்திரா காந்தியின் முழுப்பெயர் இந்திரா பிரியதர்ஷினி காந்தி. மூன்று அசையில் நின்றுவிடும் பெயருக்குப் பின்னால் நீளமாக ஓடும் ஒரு பெயர். முதல் பெயர் தட்டிக் கொடுக்க, இரண்டாவது இழுத்துச் செல்கிறது. 1964இல் பிறந்த கமலா தேவி ஹாரிஸின் பெயரில் நடுவில் இருப்பது சிறிய பெயர், அதுவும் நன்றாக இருக்கிறது. இரண்டு பெயரும் நீண்டால்தான் மூச்சு வாங்கும். 'புவனேஸ்வரி பிரியதர்ஷினி' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பின்னால் குடும்பப் பெயரும் வர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டும் மிகச் சிறியதாக இருந்தால் வெடுக்கென்று முடியும், குடும்பப் பெயர் நீளமாக இருந்தால் அது ஈடுகட்டிவிடும்.

பொருளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 'வெண்மதி நிலா' என்றால் சொன்னதையே இரண்டு முறை சொல்கிறோம். 'மலர்' என்ற பெயருக்குப் பக்கத்தில் 'விழி' வந்தால் இரண்டும் சேர்ந்து புதிதாக ஒன்றைச் சொல்கின்றன. இரண்டாவது வகையைத் தேடுங்கள்.

கடினமான இடம் குடும்பம்தான். இரண்டு பாட்டிகள், ஒரே ஒரு நடுப்பெயர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹாரி எஸ். ட்ரூமன் 1884இல் பிறந்தபோது அவருடைய பெற்றோர் இதே மாதிரி ஒரு நிலையில் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தை மட்டும் வைத்தார்கள். இரண்டு தாத்தாக்களின் பெயர்களிலும் அந்த எழுத்து இருந்தது. அதற்கு விரிவு எதுவும் கிடையாது. இருவரையும் மதித்தார்கள், உண்மைதான். குழந்தைக்குக் கிடைத்ததோ வெறும் எழுத்து. பாட்டியின் பெயரை வைப்பது தவறே இல்லை, எனக்கு அது பிடித்த வழக்கமும்கூட. 1926இல் பிறந்த எலிசபெத் அலெக்ஸாண்ட்ரா மேரி என்ற, பின்னாளில் பிரிட்டன் ராணியான இளவரசியின் பெயரில் அம்மா, கொள்ளுப்பாட்டி, பாட்டி மூவருமே இருக்கிறார்கள், ஒலியும் எங்கும் இடறவில்லை. பாட்டியின் பெயர் முதல் பெயரோடு ஒட்டவில்லையென்றால் அதன் சுருக்கத்தையோ அதே பொருள் கொண்ட வேறு பெயரையோ பார்க்கலாம். இந்தப் பேச்சைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். கையில் பேனாவுடன் நிற்கும்போது பேசினால் குரல் உயர்ந்தவருடைய பெயர்தான் வரும்.

முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் வரிசையாக எழுதிப் பார்க்காமல் விடுவதும் பலர் செய்யும் தவறு. சரண்யா அமுதா என்று பெயர், குடும்பப் பெயர் தேவராஜ் என்றால் எஸ்.ஏ.டி. என்று வரும். புள்ளிகளை எடுத்துவிட்டால் அது ஆங்கிலத்தில் சோகத்தைக் குறிக்கும் சொல்.

ஆவணங்களுக்கு வருவோம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகள் இரண்டு இருக்கும். முதல் வரியில் பெயருக்கென்று மொத்தம் 39 இடங்கள்தான். நடுப்பெயருக்குத் தனி இடம் கிடையாது, குடும்பப் பெயர் ஒரு பக்கம், மற்ற பெயர்கள் எல்லாம் இன்னொரு பக்கம். இடைவெளிகளும் கணக்கில் சேரும், குடும்பப் பெயரை அடுத்து மட்டும் இரண்டு இடம் போகும். பிரியதர்ஷினி தமிழில் 7 எழுத்து, ஆங்கிலத்தில் 13. இந்திரா பிரியதர்ஷினி காந்தி என்ற பெயருக்கு இடைவெளிகளோடு 28 இடங்கள் போதும். அதே பெயரில் 20 எழுத்துக் குடும்பப் பெயர் இருந்தால் 42 ஆகி, இடம் போதாமல் வெட்டுவார்கள். ஆகவே ஆங்கில எழுத்துகளை இப்போதே எண்ணிவிடுங்கள். ழகரம் உள்ள பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழில் இருப்பதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுவதா, இடம்விட்டு எழுதுவதா என்பதையும் அதே நாளில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவணத்தில் நடுப்பெயர் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலையப்போவது மகள்தான்.

பெண் குழந்தை என்பதால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். குடும்பப் பெயரோடு சேர்த்து மட்டும் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறோம். திருமணத்துக்குப் பின் அவள் அதை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம், அது அவள் விருப்பம். முதல் பெயரும் நடுப்பெயரும் மட்டும் தனியாக நின்றாலும் நிறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுப்பெயரையே அவள் தன் பெயராக எடுத்துக்கொள்ளவும் கூடும். பாடகி ரியானாவின் முழுப்பெயர் ராபின் ரியானா ஃபென்டி. உலகத்துக்குத் தெரிந்தது நடுவில் இருந்த பெயர். முடிவு செய்வதற்கு முன், பக்கத்து அறையில் இருக்கும் ஒரு சிறுமியைக் கூப்பிடுவது போல, அந்த நடுப்பெயரை மட்டும் சொல்லி உரக்க ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.