கறுத்துப்போன வேப்பமுத்து

போன ஆடியில் பொறுக்கிய வேப்பம்பழத்தை அப்படியே உரச்சாக்கில் கட்டி மூலையில் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் புளித்த வாடை, உள்ளே சூடு. வியாபாரி நாலு முத்தைக் கல்லால் தட்டிப் பார்த்தார். பருப்பு கறுத்திருந்தது. "எண்ணெய்க்கு ஆகாதுண்ணே, உரத்துக்குப் போடுங்க."

இந்த வருஷம் பழம் வந்த அன்றே தொட்டித் தண்ணீரில் பிசைந்து தோலையும் சதையையும் கழித்தேன். கை பிசுபிசுவென்று ஒட்டும். அதற்குச் சலித்தால் காசு போச்சு. ஒருநாள் வெயில், அப்புறம் நிழலில் பரப்பிக் கிளறிவிட்டேன். குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலத்த பிறகுதான் மூட்டை, அதுவும் காற்றோடும் சணல்சாக்கில். அதே வியாபாரி தட்டினார். பருப்பு இளம்பச்சை. பேசாமல் தராசை எடுத்தார்.