குறுக்கெழுத்துக் குறிப்பைக் கதையாகப் படிக்காதீர்கள்

வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலை ரயில் நின்றுவிடும் நாட்களில், குன்னூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் குறுக்கெழுத்துதான். புதிரை நான் அமைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா நிரப்புவார். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சொல்விளையாட்டுப் புதிருக்கு அவர் புதியவர். முதல் மாதம் அவர் இடறிய இடங்களில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய், குறிப்பைச் செய்தியாகப் படிப்பது. ‘உதவி முடியுமுன் கைகொடுக்கும் மலையூர் (3)’ என்று கொடுத்தேன். அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. “எப்போது நடந்தது தம்பி, நிலச்சரிவின்போதா?” என்று கேட்டார் அக்கா. அங்கே யாரும் யாருக்கும் உதவவில்லை. ‘உதவி’ என்ற சொல் முடியுமுன் நின்றால் ‘உத’. அதற்குக் ‘கை’ கொடுத்தால் உதகை. விடையின் பொருள் ‘மலையூர்’ மட்டுமே, மற்றதெல்லாம் செய்முறை. நேரான பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும். நடுவில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அஃப்ரிட் என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர்கள் அமைத்தவர் 1949இல் இதற்கு நேர்மையான விதி ஒன்றைச் சொன்னார்: அமைப்பவர் சொல்வதை மனத்தில் கொண்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் மனத்தில் கொண்டதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே ஒரு சொல்கூட அங்கே சும்மா நிற்காது.

சின்ன வினைச்சொற்களைத் தாண்டிப் போவது அடுத்த தவறு. ‘தகவு கெட்டால் சாத்தப்படும் (3)’. இதில் சாவி ‘கெட்டால்’. தகவின் எழுத்துகள் இடம் மாறிக் கெட்டால் கதவு. கலங்கி, புரண்டு, சிதறி என்று எது வந்தாலும் எழுத்துகளைக் கலைத்துப் பாருங்கள்.

கலைக்கும்போது எழுத்தை உடைக்கக் கூடாது. ‘உதை’க்குள் ‘க’ நுழைந்தால் உதகை என்று அக்கா ஒருநாள் குறிப்பே கட்டிவந்தார். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் உதை என்பது உ, தை. தையிலிருந்து ஐகாரத்தைக் கழற்றி ‘க’வுக்கு மாட்ட முடியாது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம். குன்னூருக்கு நான்கு கட்டங்கள்.

புணர்ச்சியை மறப்பவர்களும் உண்டு. ‘ஓவியம் தீட்டு, நடனம் செய்: பாறை உச்சியில் நிற்கும் (4)’ என்ற குறிப்புக்கு ‘வரை’, ‘ஆடு’ இரண்டையும் அக்கா உடனே பிடித்துவிட்டார். ‘வரைஆடு’ என்றொரு சொல் இல்லையே என்று அழித்தும்விட்டார். ஐகாரத்தை அடுத்து உயிர் வந்தால் யகரம் உடம்படுமெய்யாக வரும் என்பது பள்ளியில் படித்ததுதான். வரையாடு! நம் மாநில விலங்கு, நம் மலையிலேயே மேய்வது.

எனக்கு மிகவும் பிடித்தது சிலேடை. ‘மணமகன் கழுத்தில் விழும் பொழுது (2)’. அக்கா நாள் முழுக்க “விழும்போது என்ன நடக்கும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஏன் ‘விழும்போது’ என்று எழுதவில்லை? ‘பொழுது’ தனிச்சொல்லாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. ஒரே வெண்பாவைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தக் காளமேகம் பாடிய மொழி இது. பழகிய பொருள் பொருந்தாவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேறென்ன பொருள்கள் உண்டென்று வாய்விட்டு அடுக்குங்கள்.

பேனாவால் நிரப்பாதீர்கள், பென்சில் போதும். ல, ள, ழ தடுமாற்றம் குறுக்கே வரும் சொல்லில்தான் தெரியவரும்.

போன வாரம் அக்கா தன் கையால் ஒன்று எழுதிக் கொடுத்தார். உங்களுக்கும் தருகிறேன்: ‘சோறு பாதி, இலை பாதி, மலைமடிப்பில் நீரைக் காக்கும் (2)’.