சுகர் இருப்பவர்களிடம் ‘பாசிட்டிவா இருங்க’ என்று சொல்லும்போது நடக்கும் தவறுகள்

சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே, மருந்துச் சீட்டோடு ஓர் அறிவுரையும் கூடவே வந்துவிடும்: “மனசைத் தெம்பா வெச்சுக்கோங்க, எல்லாம் சரியாயிடும்.” முதல் பாதி நல்ல அறிவுரைதான். வில்லங்கமெல்லாம் இரண்டாம் பாதியில். மனத்தெம்பு கணையத்தைச் சரிசெய்துவிடாது. வேளை தவறாமல் மாத்திரை போடவும், சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பவும், சலிக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போகவும் அது உதவும். சுகர் இறங்குவது பெரும்பாலும் இந்தக் காரியங்களால்தான். நேரடித் தொடர்பும் கொஞ்சம் உண்டு. மனம் பதறும்போது அட்ரினலினும் கார்டிசாலும் கூடுகின்றன. அவற்றின் உத்தரவில் கல்லீரல் கையிருப்புக் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்குகிறது. பதற்றம் தணிந்தால் அந்த உபரி வரத்தும் தணியும். ஆனால் மருந்தின் வேலையை அது செய்யாது.

இந்த வித்தியாசம் பிடிபடாததால், நல்ல எண்ணத்தோடேயே பலர் தவறு செய்கிறார்கள்.

“எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே!”

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். இரண்டாம் வகை சர்க்கரை நோய் பல வருடம் சத்தமே காட்டாமல் இருக்கும். 200-ஐத் தாண்டிய பிறகும் தலைசுற்றல்கூட வராதவர்கள் உண்டு. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசும் நன்றாக இருக்கிறது, பிறகு மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆவாரம்பூ டீ குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதை நம்பி மெட்ஃபார்மின் போன்ற சுகர் மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்களோடுதான் சண்டை. ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று தைரியமாகச் சொல்ல ஆசையா? வருடத்துக்கு ஒரு முறை விழித்திரை, பாதம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பரிசோதித்துவிட்டு, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

சுகர் அளவை மார்க்காகப் பார்ப்பது

சுகர் ரிப்போர்ட் வாங்கும் பல முகங்களில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளின் களை தெரியும். 140 வந்தால் நான் நல்லவன், 240 வந்தால் நான் உருப்படாதவன். இதன் விளைவு, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து ராத்திரி வெறும் கோதுமைக் கஞ்சி, விடியற்காலையில் வேகவேகமாக வாக்கிங். வெறும் வயிற்றுச் சுகர் இதில் கொஞ்சம் ஏமாறும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏமாறாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதக் கதை முழுவதும் அதில் வந்துவிடும். அதைவிட, மருத்துவரை ஏமாற்றி வாங்கிய ‘நல்ல’ எண்ணை வைத்துத்தான் அவர் உங்கள் மருந்தை முடிவு செய்கிறார் என்பதை யோசியுங்கள்.

காலை ஆறரை மணி. குளுக்கோமீட்டரில் 186. “நேத்து ராத்திரி ரெண்டு இட்லிதானே சாப்பிட்டேன்!” இந்த இடத்தில் மனம் இரண்டு பக்கம் போகலாம். ‘எவ்வளவு செய்தும் பிரயோஜனமில்லை’ என்று மீட்டரை அலமாரியில் போட்டு மூடுவது ஒன்று. ஏன் ஏறியது என்று துருவுவது இன்னொன்று. துருவினால் காரணங்கள் வரிசையாகக் கிடைக்கும். விடிகாலையில் உடம்பு எழுவதற்குத் தயாராகும்போது சில ஹார்மோன்கள் தானாகவே சர்க்கரையை ஏற்றிவிடும். அது உங்கள் குற்றமில்லை. இட்லி இரண்டுதான், ஆனால் சாப்பிட்டது பத்தரை மணிக்கு. அல்லது தூக்கம் கெட்டிருக்கும், சளிக் காய்ச்சல் ஆரம்பித்திருக்கும், மாத்திரை விட்டுப்போயிருக்கும். மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால்கூட எண் எகிறும். ஒரு நோட்டில் எண்ணையும் அதன் பக்கத்தில் இப்படி ஒரு வரியையும் எழுதி வந்தால், சில வாரங்களில் ஒரு போக்கு தெரியும். மருத்துவருக்கு அந்த நோட்டு தங்கம். சர்க்கரை நோயில் பாசிட்டிவாக இருப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: 186-ஐப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருப்பது.

“ஊசிக்கு வந்துட்டா அவ்வளவுதான்”

இன்சுலினைத் தோல்வியாக நினைப்பதும் இதே மார்க் புத்தியின் தொடர்ச்சிதான். ‘நான் கட்டுப்பாடாக இருந்திருந்தால் ஊசி வந்திருக்காது’ என்ற குற்ற உணர்ச்சியிலேயே, போட வேண்டிய ஊசியை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவுகள் வெளியான யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வு இந்தக் குற்ற உணர்ச்சிக்கு நல்ல பதில். தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கும்கூட வருடம் ஏற ஏறச் சர்க்கரை மெல்ல ஏறியது. நோய் கண்டறியப்படும் நேரத்திலேயே இன்சுலின் சுரக்கும் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது, பிறகும் குறைந்துகொண்டே போனது. அதாவது ஒரு மாத்திரை இரண்டு மாத்திரை ஆவதும், பிறகு ஊசி சேர்வதும் பெரும்பாலும் நோயின் போக்கு. ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனை அல்ல.

மருத்துவர்கள் சிலர்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. “அடுத்த தடவை குறையலைன்னா ஊசிதான்” என்று மிரட்டிவிட்டு, பிறகு அதே ஊசியை ‘நல்ல மருந்து, பயப்படாதீங்க’ என்றால் யார் நம்புவார்கள்? 1922 ஜனவரியில் டொரண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லெனார்ட் தாம்சனுக்கு வயது 14, கிட்டத்தட்டச் சாகக் கிடந்தான். அதன்பின் 13 வருடம் வாழ்ந்தான். அந்த மருந்தைத்தான் நாம் பூச்சாண்டியாக்கி வைத்திருக்கிறோம்.

வீட்டுக் காவல்

கல்யாணப் பந்தி. பாயச வாளி வருகிறது. நாலு இலை தள்ளியிருந்து குரல்: “தம்பி, அவருக்கு வைக்காதீங்க, சுகர் இருக்கு!” பந்தியே திரும்பிப் பார்க்கும். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அன்றைய அவமானத்துக்குப் பிறகு அந்த மனிதர் இனிப்பை விடுவதில்லை. தெருமுனை டீக்கடையில் ஒளிந்து சாப்பிடப் பழகிக்கொள்கிறார். ஒளித்துத் தின்ற இனிப்பு நோட்டிலும் ஏறாது. அதட்டலைவிட, வீட்டில் எல்லார் தட்டிலும் சோற்றைக் குறைத்துப் பொரியலை ஏற்றுவது பலன் தரும். ‘நோயாளிச் சாப்பாடு’ என்று தனியாக ஒன்று இருக்காது.

ஒரு ஜிலேபி தின்றுவிட்டு “போச்சு, இனி பொங்கல் கழிஞ்சு பார்த்துக்கலாம்” என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: கெட்டது அந்த ஒரு வேளை மட்டும்தான், அடுத்த வேளையிலிருந்து பழையபடி சாப்பிடுங்கள்.

எல்லாக் கோபமும் மனசிலிருந்து வருவதில்லை என்பதையும் வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பாடு தாமதமான நேரத்தில் திடீரென்று எரிந்து விழுந்தால், கூடவே வியர்வையும் கை நடுக்கமும் இருந்தால், அது லோ சுகராக இருக்கலாம். அப்போது “கொஞ்சம் பொறுமையா இருங்க” என்று உபதேசம் செய்யக் கூடாது. 70-க்குக் கீழே இருந்தால், அல்லது அளக்க வழியில்லாவிட்டால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

சோர்வைச் சோம்பல் என்று நினைப்பது

தினம் விரலைக் குத்தி, கணக்குப் பார்த்துச் சாப்பிட்டு, இதற்கு ஒரு நாள்கூட லீவு இல்லை என்று அலுத்துப்போவது இயல்பு. அது வேறு, மனச்சோர்வு வேறு. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, மாத்திரை டப்பாவைத் திறக்கவே மனமில்லாமல் இருப்பவரிடம் “பாசிட்டிவா யோசிங்க” என்பது கால் முறிந்தவரை ஓடச் சொல்வது போலத்தான். அவருக்குத் தேவை சிகிச்சை. சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய ஊர்களின் மருத்துவ மையங்களில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. இரண்டையும் ஒன்றாகக் கவனித்து, இடையிடையே ஒருவர் தொடர்ந்து விசாரித்தும் வந்தபோது, மனச்சோர்வோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றிலாவது வழக்கமான சிகிச்சையைவிட அதிகம் பேருக்கு முன்னேற்றம் கிடைத்தது.

அதனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, கால் எரிச்சலைச் சொல்வதுபோல இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.