பட்டாளத்துக்காரர் கடன், மகளிர் குழு சரக்கு: ஊரில் மரச்செக்கு போடுவது எப்படி?

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். கணியம்பாடி, அணைக்கட்டு வட்டாரத்தில் பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரரும் உண்டு, மகளிர் சுய உதவிக் குழுவும் உண்டு, மல்லாட்டையும் (நிலக்கடலை) விளைகிறது. மூன்றும் ஒரே ஊரில் இருந்தால் சின்ன அளவில் எண்ணெய்ச் செக்கு போடலாம். மெஷின் வாங்குவது இதில் கடைசி வேலை. பலரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

1. யார் பேரில் எது?

மெஷினும் கடனும் ஒருவர் பேரில் இருக்கட்டும். மல்லாட்டையும் எண்ணெயும் குழு பேரில் இருக்கட்டும். செக்குக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று ஆட்டுக்கூலி வாங்கிக்கொள்வார். குழு தன் சேமிப்பிலிருந்தோ வங்கி இணைப்புக் கடனிலிருந்தோ மல்லாட்டைப் பருப்பு வாங்கி, ஆட்டி, விற்கும். இரண்டு கணக்கும் கலக்கவே கூடாது. 'எல்லாரும் பங்குதாரர்' என்று வாய்ப்பேச்சில் ஆரம்பித்தால், முதல் தவணை தவறும்போது யார் கட்டுவது என்ற சண்டை வரும்.

பிண்ணாக்கு யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள். கூலிக்குப் பதில் பிண்ணாக்கை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். ஆட்டிய பருப்பில் பாதிக்கு மேல் எடை பிண்ணாக்காகத்தான் வருகிறது, மாடு வைத்திருப்பவர்களிடம் நல்ல விலையும் கிடைக்கிறது. எழுதாமல் விட்டால் மனஸ்தாபம் இங்கேதான் தொடங்கும்.

2. எந்தத் திட்டம்?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களும் முன்னாள் படைவீரர்களும் சிறப்புப் பிரிவு. சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். 10 லட்ச ரூபாய் திட்டம் கிராமத்தில் என்றால் உங்கள் கைப்பணம் 50 ஆயிரம், மானியம் மூன்றரை லட்சம். அந்த மூன்றரை லட்சம் உங்கள் கைக்கு வராது. வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். அதை நம்பி மல்லாட்டைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் இருந்தது 2025-26 நிதியாண்டு வரை. அதற்குப் பிறகு விண்ணப்பிப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' முன்னாள் படைவீரர்களுக்கும், பணியில் இறந்த படைவீரரின் மனைவிக்கும் உரியது. 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். பட்டாளத்துக்காரர் பேரிலேயே கடன் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போவதால் விண்ணப்பத்தில் குறை இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். வீட்டம்மா பேரில் என்றால் பிரதமர் திட்டம். இரண்டிலும் ஒரே மெஷினுக்கு மானியம் கேட்க வேண்டாம்.

3. பேர் பொருத்தம்: நிறைய பேர் விழும் பள்ளம்

டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்தபோது தந்த புத்தகம்), பென்ஷன் பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), ஆதார், பான், வங்கிப் புத்தகம் ஐந்தையும் மேசையில் பரப்பி வையுங்கள். கணவர் பேர், மனைவி பேர், பிறந்த தேதி, ஊர் நான்கையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கல்யாணமானதும் யூனிட்டில் பதிந்த 'செல்வி', ஆதாரில் 'செல்வராணி' ஆகியிருப்பார். தகப்பன் பேரின் முதலெழுத்தை ராணுவத்தில் முழுப்பேராக விரித்து எழுதியிருப்பார்கள். மனைவி பேரில் விண்ணப்பித்து, முன்னாள் படைவீரர் குடும்பம் என்று காட்டப்போனால் கோப்பு இங்கேதான் நிற்கும்.

எதைத் திருத்துவது? ஆதாரை டிஸ்சார்ஜ் புக்குக்கு ஏற்ப மாற்றுவது சுலபம்போல் தெரியும். செய்யாதீர்கள். பான், குழு வங்கிக் கணக்கு, ரேஷன் எல்லாம் ஆதாரைப் பிடித்துத் தொங்குகின்றன. ராணுவப் பதிவைத்தான் திருத்த வேண்டும். நாளை குடும்ப ஓய்வூதியத்துக்கும் அதுதான் உதவும். விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பிரமாணப் பத்திரமும் நாளிதழ் விளம்பரமும் கேட்பது வழக்கம். மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால்தான் இதை மெஷினுக்கு முன்னால் சொல்கிறேன்.

ஊர்ப்பேரிலும் ஒரு சிக்கல். பழைய புத்தகங்களில் மாவட்டம் 'வடஆற்காடு' என்றிருக்கும். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம். செக்கு நிற்கப்போகும் இடம் எந்த மாவட்டமோ, அந்தத் தொழில் மையத்தில்தான் விண்ணப்பம்.

4. இடம், கரண்ட், பதிவு

10 முதல் 12 கிலோ பிடிக்கும் வாகை மரச்செக்குக்கு 3 ஹெச்.பி. மோட்டார் போதும். மும்முனை இணைப்பு வேண்டும். வீட்டு மீட்டரில் ஓட்டாதீர்கள். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கான கட்டண வகையில் தனி இணைப்பு கேளுங்கள். வாடகை இடமென்றால் உரிமையாளர் சம்மதக் கடிதத்தை அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.

உத்யம் (சிறுதொழிலுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) இலவசம். பணம் கேட்கும் இணையதளம் அரசு தளம் இல்லை. பிரதமர் திட்டம் புதுத் தொழிலுக்கு மட்டும் என்பதால், கடன் ஒப்புதலுக்கு முன் 'உற்பத்தி தொடங்கிவிட்டது' என்று எங்கும் பதியாதீர்கள்.

5. பருப்பும் ஈரமும்

100 கிலோ காயை உடைத்தால் 65 முதல் 70 கிலோ பருப்பு வரும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிய வேண்டும். பூஞ்சைப் பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். எறிவதை மாட்டுக்கும் போடாதீர்கள். குழுவில் நிதானமான கைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

ஈரம்தான் முழுத் தொழிலும். காய்ந்த பருப்பைக் கடித்தால் நறுக்கென்று இரண்டாக உடையும். வளைந்து நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரப் பருப்பைப் போட்டால் சப்பாத்தி மாவுபோல் உலக்கையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் பிரியாது, பிரிந்தாலும் கலங்கலாக வந்து சீக்கிரம் சிக்கடிக்கும். அளவுக்கு மேல் காய்ந்தால் பொடிப்பொடியாகி உலக்கை சூடாகும். அப்போது 10 கிலோவுக்கு 150, 200 மில்லி தண்ணீரை இரண்டு மூன்று தடவையாகத் தெளிக்க வேண்டும். ஒரே தடவை ஊற்றினால் மறுபடியும் மாவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்ப முடியாது. அந்த இரண்டு மாதத்துக்கான பருப்பை முன்பே காயவைத்து, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் மூட்டை அடுக்குங்கள்.

ஒரு ஆட்டு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். 10 கிலோவுக்கு 4 முதல் 4.5 லிட்டர்.

6. தெளிவு, விலை, பாட்டில்

குழாய் வைத்த ஸ்டீல் டிரம் போதும். குழாய் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும், கசடு கீழே தங்கிவிடும். மெல்லிய வெள்ளைத் துணி கட்டி இரண்டு நாள் வெயில், பிறகு இரண்டு மூன்று நாள் நிழல். நாலைந்து நாள் வெயிலிலேயே விட்டால் மணம் போய்விடும். ஃபில்டர் மெஷின் ஆரம்பத்தில் வீண்செலவு.

விலைக்கு ஒரு கணக்கு. லிட்டருக்கு 2.4 கிலோ பருப்பு என்று வையுங்கள். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 288. பிண்ணாக்கு 1.35 கிலோ, 40 ரூபாய் வீதம் 54 கழித்தால் 234. இதன் மேல் பொறுக்கல் கழிவு, ஆட்டுக்கூலி, பாட்டில், லேபிள், வண்டிச் செலவு. பிண்ணாக்கு செக்குக்காரருக்கு என்று எழுதியிருந்தால் அந்த 54-ஐக் கழிக்கக் கூடாது. கூலியைத்தான் குறைத்துப் பேச வேண்டும்.

உணவு எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கச் சட்டத்தில் இடமில்லை. பாட்டிலில் அடைத்து மூடித்தான் விற்க வேண்டும். லேபிளில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தொகுதி எண், தேதி, அதிகபட்ச விலை, பச்சைப் புள்ளி, புகார் எண் வேண்டும். ஆட்டுபவர் ஒருவர், விற்பவர் குழு என்பதால் 'தயாரிப்பு', 'விற்பனை' இரண்டு முகவரியும் போடுங்கள், பதிவும் இரண்டு பேருக்கும் வேண்டும்.

பின்சேர்க்கை: 'லிட்டர் பாட்டில் குறைகிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார்' என்று இதைப் படித்த சிலர் கேட்டிருந்தார்கள். கண்ணளவில் ஊற்றுவதுதான் காரணம். மின்தராசில் காலி பாட்டிலை வைத்து பூஜ்யமாக்கி, 910 கிராம் வரும்வரை ஊற்றுங்கள். லேபிளிலும் '1 லிட்டர் / 910 கிராம்' என்று அச்சிடுங்கள். தராசுக்கு முத்திரை ஆய்வாளரின் முத்திரை இருக்க வேண்டும். பாட்டிலைக் கழுவினால் முழுசாகக் காயவிடுங்கள். உள்ளே ஒட்டிய சொட்டுத் தண்ணீர் போதும், எண்ணெய் கெட்டுவிடும்.