ஜப்பானியக் கைவேலைக் கடிகாரம்: வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஹக்கோனே மலையில், பழைய தோகைதோ நெடுஞ்சாலை போன வழியில், ஹத்தாஜுகு என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பல நிற மரச்சில்லுகளை ஒட்டிக் கோலம் போட்டதுபோல வேலை செய்யும் ‘யோசெகி’ கலைக்குப் பேர்போன ஊர். அங்கே செய்த ஒரு மேசைக் கடிகாரத்தை முதன்முதலில் கையில் வாங்கியதும் நான் செய்த காரியம், அதைத் திருப்பிப் பார்த்ததுதான். பின்னால் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு சதுர மெஷின், ஒரு ஏஏ பேட்டரி, நேரம் வைக்க ஒரு திருகு. “இவ்வளவுதானா? இதற்கா இந்த விலை?” என்று முகம் சுருங்கிவிட்டது.

அந்தக் கேள்வியே தவறு என்று பிறகுதான் புரிந்தது. இந்த வகைக் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றில் ஓடுவது தொழிற்சாலையில் செய்த சாதாரண குவார்ட்ஸ் மெஷின்தான். செய்கிறவர்களும் அதை மறைப்பதில்லை. காசு வெளிக்கூட்டுக்கு, மெஷினுக்கு அல்ல. மெஷின் நின்றுபோனால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடலாம், கூடு போனால் போனதுதான். ஆனால் நம்மில் பலர் மெஷினைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டு, கூட்டை ஈரத்துணியால் தேய்க்கிறோம்.

யோசெகியிலேயே இரண்டு வகை உண்டு. மரக்குச்சிகளை அடுக்கி ஒட்டி, வடிவம் வந்த கட்டையை இழைப்புளியால் காகிதம்போல மெல்லிசாகச் சீவி, அந்தச் சீவலைப் பெட்டியின் மேல் ஒட்டுவது ‘ஸுக்கு’. கட்டையையே கடைந்தோ செதுக்கியோ உருவாக்குவது ‘முக்கு’. சீவி ஒட்டினது போலி என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது போலி இல்லை, அந்தச் சீவல்தான் ஹக்கோனேயின் பெருமையே. போலி என்றால் காகிதத்தில் அச்சடித்து ஒட்டியது. கண்டுபிடிப்பது சுலபம். அசல் வேலையில் சாயம் கிடையாது, ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு மரம். அதனால் ஒரு விரல் அகலத்துக்குள் பத்துச் சில்லு இருந்தால், பத்திலும் ரேகை தன் போக்கில் ஓடும். அச்சடித்ததில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் புள்ளிகள்தான் தெரியும்.

அடுத்தது அரக்கு. ஆளை ஏமாற்றுவதில் முதலிடம் இதற்குத்தான். ஜப்பானிய ‘உருஷி’ நம் ஊர் அரக்கு இல்லை. நம்முடையது பூச்சி தருவது, அது மரத்தின் பால். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தைக் கீறினால் ஒரு டம்ளர் அளவுதான், ஏறக்குறைய 200 மில்லி, கிடைக்கும். பச்சைப்பால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். சேங்கொட்டைப் பால் பட்டவர்களுக்கு அந்த அரிப்பு என்னவென்று தெரியும். இரண்டும் மாமரக் குடும்பம்தான். நன்றாக இறுகிய பிறகு பயமில்லை.

“அரக்கு” என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்பிவிடக் கூடாது. முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்யும் ‘கஷ்யூ’ என்ற பூச்சு பார்வைக்கு அப்படியே உருஷி மாதிரி இருக்கும். யுரேத்தேன் என்ற செயற்கைப் பூச்சும் உண்டு. அவை மோசம் என்றில்லை, உருஷி விலைக்கு வாங்குவதுதான் மோசம். பூச்சு எது என்று விவரச்சீட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள். ஈர அரக்கின் மேல் தங்கத்தூள் தூவிச் செய்யும் ‘மாகி-எ’ சித்திரத்துக்கும் இது பொருந்தும். கையால் வரைந்ததும் இருக்கிறது, திரை அச்சில் அடித்ததும் இருக்கிறது.

இன்னொரு விஷயம், உருஷி காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை வைத்து அதிலிருக்கும் நொதிதான் அதை இறுக்குகிறது. அதனால்தான் கைவினைஞர்கள் பூச்சு போட்டதும் வெயிலில் வைக்காமல் ஈரப்பதமான அலமாரிக்குள் வைக்கிறார்கள். இறுகிய பிறகு அமிலத்துக்கும் சாராயத்துக்கும் கூட அசையாது. அப்படிப்பட்டதைச் சாய்ப்பது வெயில். ஜன்னலோரம் வைத்த கறுப்பு அரக்குக் கடிகாரம் மெல்ல மெல்லப் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும், எத்தனை துடைத்தாலும் திரும்பாது. மிகவும் வறண்ட காற்றும் ஆகாது, உள்ளே இருக்கும் மரம் சுருங்கிப் பூச்சில் விரிசல் விழும். ஜப்பானில் அரக்குப் பொருள் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது இதற்காகத்தான். நாம் என்னடாவென்றால் ஏசியின் நேர் கீழே வைக்கிறோம். எடுத்து வைக்கும்போது, பத்திரமாக இருக்கட்டும் என்று ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலைச் சேர்த்துப் போடுகிறோம்.

துடைப்பதில் தங்க இலை ஒட்டினதுதான் ரொம்ப நாசூக்கு. கனஸவா ஊரில் தட்டும் தங்க இலையின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேலே பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால், விரல் ரேகையைத் துடைக்கப் போய்த் தங்கத்தையே துடைத்துவிடுவீர்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். அரக்குக்கும் மரத்துக்கும் பழைய பருத்தி வேட்டித் துணி. மரச்சாமான் பாலிஷ், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் கிட்டே வர வேண்டாம்.

மெஷின் விஷயத்தில் தவறே இல்லையா என்றால், இரண்டு உண்டு. ஒன்று, நின்றுபோன கடிகாரத்துக்குள் பேட்டரியை அப்படியே விட்டுவைப்பது. ஒரு முறை இரண்டு வருடம் மறந்துபோய்த் திறந்தேன். வெள்ளையாகப் பூத்துக் கசிந்து, பேட்டரி வைக்கும் குழியிலிருந்து மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. மெஷினை மாற்றிவிட்டேன். அந்தக் கறை மட்டும் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது, ‘டென்பா’ கடிகாரம். ரேடியோ அலையைப் பிடித்துத் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை. அந்த அலை வருவது ஜப்பானிலுள்ள இரண்டு நிலையங்களிலிருந்து. ஃபுகுஷிமாவில் இருப்பது 1999-லும், க்யூஷூவில் இருப்பது 2001-லும் தொடங்கியவை. சென்னையில் அதை எதிர்பார்ப்பது வீண். கடிகாரம் அலையைத் தேடித்தேடிப் பேட்டரியைத் தின்னும். அங்கிருந்து கொண்டுவந்தால் ஜப்பான் நேரத்தையே, அதாவது நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், காட்டிக்கொண்டிருக்கும். கையால் நேரம் வைக்க முடியுமா, அலை தேடுவதை நிறுத்த முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையா, சாதாரண குவார்ட்ஸே போதும்.

முத்திரை பற்றியும் ஒரு குழப்பம். 1974-இல் வந்த சட்டத்தின்படி அரசு அங்கீகரித்த பாரம்பரியக் கைவினைகளுக்கு ஒரு சின்னம் உண்டு. அந்தந்தக் கைவினைச் சங்கத்தின் சோதனையில் தேறிய பொருளில் அதை ஒட்டுவார்கள். இருந்தால் நல்லது. இல்லாததாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். அங்கீகாரம் கைவினைக்குத்தான், கடிகாரத்துக்கு இல்லை. யோசெகி முகப்பை கைவினைஞர் செய்து கொடுக்க, வேறொருவர் கடிகாரமாகக் கோத்திருக்கலாம்.

பழங்கடையில் ‘வாதொகெய்’ என்ற, ஜப்பானை ஷோகன்கள் ஆண்ட ‘எடோ’ காலத்துக் கடிகாரம் கண்ணில் பட்டால் மட்டும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் மெஷினே கைவேலை. அதை வாங்கி நம் நேரத்துக்கு ஓடவைக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது செய்யக் கூடாத காரியம். பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்து, பருவத்துக்குப் பருவம் நீண்டு குறுகும் நாழிகைக்குச் செய்தது அது. நடுப்பகலும் ஒன்பது, நள்ளிரவும் ஒன்பது. அங்கிருந்து எட்டு, ஏழு என்று நான்கு வரை இறங்கும். 1873 ஜனவரி 1-ஆம் தேதி ஜப்பான் புதிய நாட்காட்டிக்கும் சம அளவு மணிகளுக்கும் மாறியபோது அந்தக் கணக்கே வழக்கொழிந்தது. “ரிப்பேர் பண்ணி” நம் மணிக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.