சிம்கோ ஏரியில் ஐஸ் மீன்பிடிப்பு: முதல் தடவை போகிறவர்களுக்கு

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் காரோட்டினால் சிம்கோ ஏரி வந்துவிடும். ஜனவரி பிறந்தால் போதும், "ஐஸ் தாங்குமா?" என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஏரி முழுவதற்கும் பொதுவாக ஒரு பதில் சொல்ல முடியாது. தெற்கே குக்ஸ் பே ஆழம் குறைவு, முதலில் உறைந்துவிடும். பரி (Barrie) நகருக்குப் பக்கத்தில் கெம்பன்ஃபெல்ட் பே ஆழமானது, பிந்தித்தான் உறையும். ஒரே நாளில் ஒரு பக்கம் மீன்பிடிக் கூடாரங்கள், மறுபக்கம் திறந்த தண்ணீர்! நான்கு வருடமாகப் போய்வருவதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். தூண்டில், தங்கூசி, லைசென்ஸ் விஷயமெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

1. வீட்டிலிருந்து புறப்பட முன்

எந்த இடத்தில் ஐஸில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். தனியாகப் போக வேண்டாம். பருத்தி உடுப்பு நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் உள்ளுடுப்பும் காலுறையும் கம்பளியாக இருக்கட்டும். போனை ஜக்கெற்றின் உள்பையில், நெஞ்சோடு வையுங்கள். வெளிப்பையில் வைத்தால் குளிரில் பற்றரி இறங்கிவிடும். காற்றுக் குளிர் -28க்குக் கீழே என்றால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம், அந்த நாட்களில் நான் போவதேயில்லை.

2. ஐஸை அளப்பது

இதில்தான் நான் பிழைவிட்டேன், ஆகவே நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் வருடம் கரையில் ஒரு துளை போட்டேன். அளவுகோலை விட்டுப் பார்த்தால் 15 சென்ரிமீற்றர் காட்டியது. சரி என்று நடக்கத் தொடங்கிவிட்டேன். நூறு அடி போயிருப்பேன், காலடியில் ஒரு முறுகல் சத்தம். குனிந்து அடுத்த துளையைப் போட்டபோதுதான் துளையின் சுவரைப் பார்த்தேன்: மேல்பாதி பால்போல வெள்ளை, கீழ்ப்பாதி மட்டும் கண்ணாடிபோல் தெளிவு. பெய்த பனி நனைந்து மறுபடி உறைந்ததுதான் அந்த வெள்ளை ஐஸ், உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள். அதன் பலம் தெளிந்த ஐஸின் பாதிதான். அப்படியென்றால் என் 15 உண்மையில் 11தான். சாம்பல் நிறமாக இருந்தால் கணக்கே வேண்டாம், உள்ளே தண்ணீர் இருக்கிறது, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அளவுகோலின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்க வேண்டும். அதைத் துளைக்குள் விட்டு, ஐஸின் அடிவிளிம்பில் கொழுவி, மேலே இழுத்துப் பிடித்து வாசியுங்கள். கொக்கி இல்லாத கோலை விட்டால் தண்ணீரையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

தெளிந்த ஐஸுக்குக் கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு: ஒருவர் நடக்க 15 சென்ரிமீற்றர், கூட்டமாக நிற்க 20, ஸ்னோமொபைலுக்கு 25. பழகினவர்கள் பலர் 10 போதும் என்பார்கள். நான் 15க்குக் குறைந்தால் காருக்குத் திரும்பிவிடுவேன், அதில் பேச்சுக்கே இடமில்லை.

துளைக்குத் துளை இடையில் ஸ்பட் பார் வேண்டும். எங்கள் ஊர் அலவாங்குதான், நுனி உளிபோல இருக்கும். ஒவ்வொரு சில அடிக்கும் முன்னால் பலமாக ஒரு குத்து. 'டக்' என்று கெட்டியான சத்தம் வந்தால் நடங்கள். ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் மெல்லப் பின்வாங்குங்கள். துளை போடும் மோட்டார் ஆகருக்குக் காசு கொட்டுவதற்கு முன் நல்ல ஸ்பட் பார் ஒன்று வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. ஆற்று வாய்களுக்கும் படகுத்துறைகளுக்கும் கிட்டப் போகாதீர்கள், ஓட்டமுள்ள தண்ணீரின் மேல் ஐஸ் எப்போதும் மெல்லியது.

3. காற்றும் வெடிப்பும்

அளவு சரியாக இருந்தும் மாட்டிக்கொள்ளலாம். பெரிய ஏரி ஐஸ் ஒரே தகடாகக் கிடக்காது, நீளமான வெடிப்புகள் இருக்கும். ஏரியின் தெற்குக் கரையில் ஜாக்சன்ஸ் பொயின்ற் பக்கம் ஒருநாள் காலையில் ஒரு சாண் அகல வெடிப்பைத் தாண்டிப் போனோம். மதியம் பக்கத்துக் கூடாரத்து அண்ணை வந்து, "தம்பி, காத்துத் தெற்காலை திரும்பிட்டுது, சாமானைக் கட்டுங்கோ" என்றார். கரையிலிருந்து ஏரிக்குள் அடிக்கிற காற்று ஐஸ் தகட்டையே உள்ளே தள்ளிவிடும். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த ஒரு சாண் ஒரு ஆள் நீளத் தண்ணீராகிவிட்டது. கூடாரம் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் பலகைப் பாலம் போட்டுக் கடத்திவிட்டார். பாய்ந்து கடக்க நினைக்காதீர்கள், விளிம்பு ஐஸ்தான் முதலில் உடையும். ஆள் இல்லாவிட்டால் 911. இப்போதெல்லாம் எத்தனை பாகை குளிர் என்று பார்ப்பதற்கு முன் காற்றின் திசையைத்தான் பார்க்கிறேன்.

4. விழுந்துவிட்டால்

மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், பதறாமல் அதை அடக்குங்கள். அடுத்த 10 நிமிடம் கைகால் சொல்வதைக் கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் ஆகும்.

வந்த திசைக்குத் திரும்புங்கள், அந்த ஐஸ் உங்களைத் தாங்கியது. ஐஸ் பிக் (கைப்பிடியுள்ள கூரான ஆணி) இரண்டையும் ஐஸில் குத்தி, காலால் நீந்துவதுபோல் உதைத்து, வயிற்றில் வழுக்கி மேலே ஏறுங்கள். ஏறியதும் எழும்பி நிற்காமல் உருண்டே வாருங்கள். பிக் கழுத்தில் தொங்க வேண்டும், பையில் இருந்தால் பிரயோசனமில்லை.

5. கூடாரத்துக்குள்

புரோபேன் ஹீற்றர் போட்டால் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு காற்றுவழி திறந்திருக்கட்டும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, பற்றரியில் ஓடும் அலாரம் கட்டாயம். தலையிடித்தால் மீன் கடிக்கிறதா என்று பார்க்காமல் உடனே வெளியே வாருங்கள்.

பிற்சேர்க்கை: மிதக்கும் சூட் (தண்ணீரில் ஆளை மிதக்கவைக்கும் குளிர் உடுப்பு) விலை அதிகம், வேறு வழி உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். படகில் போடும் சாதாரண லைஃப் ஜக்கெற்றைக் குளிர் ஜக்கெற்றின் மேல் போடுங்கள், அதுவும் மிதக்கும். மூடிய வாகனத்தில் ஐஸின் மேல் போகும்போது மட்டும் போடாதீர்கள், வாகனம் தாழ்ந்தால் அதுவே உங்களைக் கூரையோடு அழுத்தி வைத்துவிடும்.

கூட வந்தவர் விழுந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஓடிப் போகாதீர்கள், நீங்களும் விழுவீர்கள். தள்ளி நின்று கயிற்றை எறியுங்கள். எட்டாவிட்டால் படுத்தபடி ஸ்லெட்டை (சாமான் இழுக்கும் சறுக்கு வண்டி) முன்னால் தள்ளிக்கொண்டு போங்கள். என் ஸ்லெட்டில் 15 மீற்றர் மிதக்கும் கயிறு எப்போதும் கட்டியே கிடக்கும், நுனியில் கை நுழைக்க ஒரு வளையத்தோடு.