எச்டிடிபி வழியே கிட் ஆர்க்கைவ்: சேவையகத்தில் செய்ய வேண்டியவை

கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில், ஒரு களஞ்சியத்தின் (கோப்புகளும் அவற்றின் மாற்றங்களும் சேர்ந்த தொகுப்பின்) முழு வரலாறும் வேண்டாம், ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்த கோப்புகள் மட்டும் போதும் என்பவர்களுக்காக இருப்பது கிட் ஆர்க்கைவ் கட்டளை. அதனுடன் ரிமோட் என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், குளோன் செய்யாமலேயே (முழுக் களஞ்சியத்தையும் நகலெடுக்காமலேயே) தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து டார் அல்லது ஜிப் கோப்பாகப் பெறலாம். ஆனால் இந்த வசதி நீண்ட காலம் எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகவும் கிட்டின் சொந்த நெறிமுறை வழியாகவும் மட்டுமே கிடைத்தது. ஸ்மார்ட் எச்டிடிபி (வலை முகவரி வழியே கிட் பேசும் முறை) வழியே இது இயங்கத் தொடங்கியது 2024 பிப்ரவரியில் வெளிவந்த 2.44 பதிப்பிலிருந்துதான்.

எங்களுக்கு இதன் தேவை மிகவும் நேரடியானது. பழைய தமிழ் நூல்களின் மின்னுரைகளும் வருடிய பக்கப் படங்களும் புதுச்சேரி லாஸ்பேட்டையிலுள்ள எங்கள் சேவையகத்தில் ஒரே களஞ்சியமாக இருக்கின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் இருந்து மெய்ப்புப் பார்த்துத் தரும் நண்பர்கள் பலர் கல்லூரி ஆய்வகக் கணினிகளைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டும் கிட் நெறிமுறைக்கான 9418ஆம் போர்ட்டும் அடைபட்டிருக்க, எச்டிடிபிஎஸ்சுக்கான 443 மட்டுமே திறந்திருக்கிறது. ஒரு நூலின் உரையைத் திருத்த வந்தவரை முழுக் களஞ்சியத்தையும் இறக்கச் சொல்வது நியாயமன்று.

முதலில் பதிப்பைச் சரிபார்க்க வேண்டும். சேவையகம், பயனர் கணினி ஆகிய இரண்டிலும் கிட் 2.44 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தாக வேண்டும். உபுண்டு 24.04 தன்னுடன் தருவது 2.43 என்பதால், புதிய இயங்குதளம்தானே என்று நம்பி இருந்துவிட முடியாது. கிட் குழுவினரின் பிபிஏ என்னும் மென்பொருள் வழங்கு மூலத்தைச் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். டெபியன் 13இல் இச்சிக்கல் இல்லை.

சேவையகத்தில், வலைக் கோரிக்கைகளைக் கிட்டிடம் கொண்டு சேர்க்கும் கிட்-எச்டிடிபி-பேக்கெண்ட் ஏற்கெனவே இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கைவ் சேவை அதில் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். உரிய களஞ்சியத்துக்குள் சென்று, கிட் கான்ஃபிக் கட்டளையால் எச்டிடிபி.அப்லோட்ஆர்க்கைவ் என்னும் அமைப்புக்கு ட்ரூ என்ற மதிப்பைத் தர வேண்டும். இதைச் சேவையகம் முழுமைக்கும் பொதுவாக வைக்காமல், தேவைப்படும் களஞ்சியத்துக்கு மட்டும் வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சேவையகம் கோப்புகளைப் புதிதாகத் திரட்டிச் சுருக்குகிறது. முன்பு செய்ததை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி தருவதில்லை.

அடுத்தது வலைச் சேவையக அமைப்பு. பலரும் இடறுவது இங்கேதான். அப்பாச்சி என்னும் வலைச் சேவையக மென்பொருளில் எந்தெந்த முகவரிகள் பேக்கெண்டுக்குச் செல்லலாம் என்பதை ஸ்கிரிப்ட்அலியாஸ்மேட்ச் வரியில் ஒரு பொது வடிவமாக (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுதியிருப்பார்கள். அதில் அப்லோட்-பேக் (தரவைத் தரும் சேவை), ரிசீவ்-பேக் (தரவைப் பெறும் சேவை) ஆகிய இரண்டுமே இருக்கும். கிட்-அப்லோட்-ஆர்க்கைவ் என்பதையும் அதில் சேர்க்காவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கோரிக்கை பேக்கெண்டைச் சென்றடையாது. கடவுச்சொல் கேட்கும் விதிகளிலும் இதே பெயரைச் சேர்க்க மறக்கக் கூடாது. இல்லையெனில் குளோனுக்குப் பூட்டிய கதவு ஆர்க்கைவுக்குத் திறந்து கிடக்கும்.

இந்த ஆர்க்கைவ் சேவை, கிட்டின் தொடர்பு நெறிமுறையின் 2ஆம் பதிப்பில் மட்டுமே இயங்கும். பயனரின் கிட் முதலில் அப்லோட்-பேக் சேவையை விசாரித்து, சேவையகம் அந்தப் பதிப்பை அறியுமா என்று தெரிந்துகொண்ட பிறகே ஆர்க்கைவைக் கேட்கிறது. ஆகவே அப்லோட்-பேக்கை முடக்கிவிட்டு ஆர்க்கைவை மட்டும் தர இயலாது. நடுவில் புராக்சி (இடைச் சேவையகம்) இருந்தால், கிட்-புரோட்டோகால் என்னும் எச்டிடிபி தலைப்பை (ஹெடர்) அது நீக்காமல் அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். வலை முகவரிகளை அழைக்கும் கர்ல் கருவியால் அந்தத் தலைப்பில் வெர்ஷன்=2 என்று வைத்து, இன்ஃபோ/ரெஃப்ஸ் முகவரியைச் சர்வீஸ்=கிட்-அப்லோட்-பேக் என்ற வினவலுடன் அழைத்துப் பாருங்கள். பதிலின் தொடக்கத்தில் வெர்ஷன் 2 என்ற சொற்கள் வந்தால் வழி தெளிவாக இருக்கிறது. அவற்றுக்குப் பதிலாகக் கிளைகளின் பட்டியல் வந்தால் தலைப்பு எங்கோ தொலைந்திருக்கிறது.

இனிப் பயனர் கணினியிலிருந்து, ரிமோட் முகவரியோடு லிஸ்ட் விருப்பத்தை மட்டும் கொடுத்துக் கட்டளையை இயக்கினால், சேவையகம் தரக்கூடிய வடிவங்களின் பெயர்கள் வரும். அது வந்துவிட்டால் டேக் (ஒரு நிலைக்கு இட்ட அடையாளப் பெயர்) பெயரையும் கோப்புறையின் பெயரையும் சேர்த்துக் கேட்கலாம். எடுத்துக்காட்டாகத் திருத்தம்-5 என்ற டேகில் தலபுராணங்கள் என்ற கோப்புறை மட்டும். கமிட்டின் (பதிவுசெய்த ஒரு மாற்றத்தின்) அடையாள எண்ணை நேரடியாகக் கொடுத்தால் சேவையகம் மறுத்துவிடும், அப்லோட்ஆர்க்கைவ்.அலவ்அன்ரீச்சபிள் என்னும் அமைப்பு இயல்பாக அணைந்திருப்பதே காரணம். அதைத் திறப்பதைவிட, வெளியிட வேண்டிய ஒவ்வொரு நிலைக்கும் டேக் இட்டுவிடுவது மேல்.

பக்கப் படங்கள் பொதியில் வேண்டாம் என்றால், கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் அந்தக் கோப்புறைக்கு எக்ஸ்போர்ட்-இக்னோர் என்று குறித்துக் கமிட் செய்ய வேண்டும். அந்தக் குறிப்பு இடம்பெற்ற கமிட்டிலிருந்து எடுக்கும் பொதிகளுக்கே அது பொருந்தும் என்பதால், பழைய டேகுகளில் படங்கள் இருந்துகொண்டேதான் இருக்கும்.

பாதியில் அறுந்த இறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர இதில் வழியில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இணைப்பு அடிக்கடி அறுபடும் எங்கள் கடலோரத்தில், ஒரே பெரிய பொதியாகக் கேட்பதைவிடக் கோப்புறை கோப்புறையாகக் கேட்கும்படி மெய்ப்பாளர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அப்பாச்சிக்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் பயன்படுத்துவோர், பேக்கெண்டின் பதிலுக்குக் காத்திருக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ வாசிப்புக்கான காலவரம்பு இயல்பாக 60 நொடி என்பதை அறிந்து, அதைக் கூட்டி வைப்பது நல்லது.